மார்ச் 31 இரவில் சங்கத்தின் கையில் எவ்வளவு?

தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சிறிய சங்கம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சங்கமும் அதன் தொகைகளும் கற்பனைதான். ஆயினும் இந்தப் பகுதியில் தொண்டு அமைப்புகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் சாயல் பழகியதாகவே இருக்கும். நிதியாண்டு முடியும் மார்ச் 31 அன்று அதன் வங்கிக் கணக்கில் 6,40,000 ரூபாய் இருக்கிறது. மறுவாரம் கூடும் செயற்குழுவில் பொருளாளர் அந்தத் தொகையைப் படிக்கிறார். கேட்டவர்களின் முகத்தில் நிம்மதி தெரிகிறது. இன்னும் இரண்டு ஊர்களில் மையம் தொடங்கலாமே என்று ஒருவர் யோசனை சொல்ல, மற்றவர்கள் தலையசைக்கிறார்கள்.

அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறு. ஓசூரிலுள்ள ஒரு தொழிற்சாலை, அரசுப் பள்ளி ஒன்றின் கழிப்பறைகளைச் சீரமைப்பதற்காகப் பிப்ரவரியில் கொடுத்த 5,00,000 ரூபாயில் இன்னும் செலவாகாமல் நிற்பது 3,75,000. சொந்தக் கட்டடத்துக்கென்று எழுத்துமூலம் குறிப்பிட்டு நன்கொடையாளர்கள் தந்த மூல நிதி, அதாவது நடப்புச் செலவுக்கு எடுக்கக் கூடாத நிதி, 1,50,000. மார்ச் மாதத்து மதிப்பூதியம், வாடகை, மளிகைக் கடை பாக்கி எல்லாம் சேர்ந்து 62,000. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகையில் பிடித்தம் செய்து இன்னும் அரசுக்குக் கட்டாத வரி 3,000. வரும் ஆண்டுக்காக உறுப்பினர்கள் முன்கூட்டியே செலுத்திய சந்தா 10,000. இவற்றைக் கூட்டினால் 6,00,000 ஆகிறது. சங்கம் தன் விருப்பப்படி செலவிடக்கூடியது மீதமுள்ள 40,000 ரூபாய்தான். மாதம் 62,000 செலவாகும் அமைப்புக்கு அது இருபது நாளைக்குக்கூடக் காணாது. புது மையங்களுக்குத் தலையசைத்தவர்கள் உண்மையில் பள்ளிக் கழிப்பறையின் பணத்துக்குத் தலையசைத்திருக்கிறார்கள்.

தொண்டு அமைப்புகளின் கணக்குச் சிக்கல் என்றவுடன் பலருக்கும் கையாடல்தான் நினைவுக்கு வருகிறது. அது நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. எனினும், நான் பார்த்தவரை, சிறு சங்கங்கள் நொடித்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஒருவரும் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லாத பணம்தான். ஒரு காரியத்துக்கு வந்த தொகை, அவசரத்தில், நல்லெண்ணத்தோடு, இன்னொரு காரியத்துக்குப் போய்விடுகிறது. ஏப்ரலில் ஆசிரியைகளின் மதிப்பூதியம் கழிப்பறைப் பணத்திலிருந்து கொடுக்கப்படும். ஜூனில் கொத்தனார் வந்து நிற்கும்போது கணக்கில் பணம் இருக்காது. கொடுத்த நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும்போது பொருளாளருக்குத் தூக்கம் போகும். ஆகவே ஒரு சங்கத்தின் கணக்குமுறை முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி, ஒவ்வொரு ரூபாயும் யாருடைய பெயரில், எந்தக் காரியத்துக்காக நிற்கிறது என்பதே. வணிக நிறுவனத்தின் கணக்கிலிருந்து இது வேறுபடும் இடமும் இதுவே: கடையில் விற்று வந்த பணத்துக்குப் பெயர் கிடையாது, சங்கத்துக்கு வரும் பணம் பெரும்பாலும் பெயரோடுதான் வருகிறது.

இதற்குப் பல வங்கிக் கணக்குகள் தேவை என்று சிலர் கருதுகிறார்கள். வெளிநாட்டு நன்கொடைக்கு மட்டும் அது சட்டக் கட்டாயம்: 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் வந்து சேர வேண்டும்; உள்நாட்டுப் பணம் அதில் கலக்கவே கூடாது. நிறுவனங்கள் சில தங்கள் நிதிக்குத் தனிக் கணக்கு கேட்பதுண்டு. மற்றபடி ஒரே வங்கிக் கணக்கு போதும். பேரேட்டில் ஒவ்வொரு நிதிக்கும் தனித் தலைப்பு இருக்க வேண்டும், ரொக்கப் புத்தகத்தின் ஒவ்வொரு பதிவிலும் எந்தத் திட்டம் என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். டேலி போன்ற மென்பொருளில் செலவு மையம் என்னும் வசதி இந்த வேலையைச் செய்கிறது. நோட்டுப் புத்தகத்தில் எழுதுபவர்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பேனாக்களை வைத்தே செய்துவிடலாம். அப்படி எழுதப்பட்ட ஒரு பேரேட்டைப் பார்த்திருக்கிறேன், பல கணினிக் கணக்குகளைவிடத் தெளிவாக இருந்தது.

மூல நிதியைப் பற்றி ஒரு சொல். கார்ப்பஸ் என்று தணிக்கையாளர்கள் குறிப்பிடும் இந்த நிதி, கொடுப்பவர் அதற்கென்றே எழுத்துமூலம் குறிப்பிட்டால்தான் அந்தத் தகுதியைப் பெறும். வந்த நன்கொடையைச் செயற்குழு தானாகவே மூல நிதி என்று பெயர் மாற்றிக்கொள்ள முடியாது. 2021 முதல், அந்தத் தொகை சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில், மூல நிதிக்கென்றே தனியாக வைக்கப்பட்டிருந்தால்தான் வரி விலக்கு உண்டு. நம் எடுத்துக்காட்டுச் சங்கத்தின் 1,50,000 ரூபாய் நடப்புச் செலவுக்கான சேமிப்புக் கணக்கிலேயே கலந்து கிடக்கிறது. வங்கியில் தனி வைப்புத்தொகையாக அதைப் போட்டிருந்தால், சட்டத்துக்கும் பொருந்தியிருக்கும். செயற்குழுவின் கண்ணையும் உறுத்தியிருக்காது.

கணக்கு அறிக்கைகள் மூன்று. பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு, வருவாய் மற்றும் செலவினக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய இவை மேல்நிலை இரண்டாம் ஆண்டு கணக்குப்பதிவியல் பாடநூலில் இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள் என்ற தலைப்பில் இடம்பெற்றிருப்பவை. அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பிரிவு எடுத்துப் படித்த பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கணக்கு எழுத ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லும் சங்கங்கள் இவர்களை ஏனோ கண்டுகொள்வதில்லை. முதல் அறிக்கை பணம் வந்ததையும் போனதையும் மட்டும் சொல்லும். பிப்ரவரியில் வந்த 5,00,000 ரூபாய் அதில் முழுவதும் வரவாகவே தெரியும், அதனால்தான் அது ஆளை ஏமாற்றுகிறது. இரண்டாவது அறிக்கை அந்த ஆண்டுக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்: கொடுபட வேண்டிய மார்ச் மதிப்பூதியம் செலவில் சேரும், வரும் ஆண்டுச் சந்தா வரவிலிருந்து நீங்கும். குறிப்பிட்ட காரியத்துக்காக வந்த நிதியில் செலவான 1,25,000 ரூபாயை மட்டும் வருவாயாகக் காட்டி, மீதியை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் நிறுத்துவது பரவலாகக் கையாளப்படும் முறை. பணம் கையில் இருக்கிறது, ஆனால் அது ஒரு கடமையாக இருக்கிறது என்பதை அந்தப் பக்கம் சொல்லிவிடுகிறது. செயற்குழு உறுப்பினர் ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான் நேரமிருக்கிறது என்றால், அவர் படிக்க வேண்டியது இருப்புநிலைக் குறிப்பின் இடப்பக்கத்தைத்தான்.

சட்டம் கேட்பது என்ன? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேருக்குக் குறையாமல் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்கிறார்கள். அதன்பின் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்; நிர்வாகிகள் மாறினால் படிவம் 7இல் தெரிவிக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்தது. அதற்கு முன் பதிவான சங்கங்களின் பழைய முத்திரையிலும் ரசீதுப் புத்தகத்திலும் இன்றும் தருமபுரி மாவட்டம் என்றே இருப்பதைக் காணலாம். அது வெறும் பழைய நினைவாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழில் ஒரு முகவரி, பான் அட்டையில் ஒரு முகவரி, வங்கியில் ஒரு முகவரி என்று நிற்கும்போது புதிய நிதி கேட்டு விண்ணப்பிக்கும் இடத்தில் எல்லாம் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

வருமான வரிப் பக்கம் இன்னும் நுணுக்கமானது. இதுவரை பழகிய 12ஏபி (சங்கத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு) போன்ற பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் எண்களும் படிவங்களும் மாறுகின்றன. வாய்ப்பழக்கத்தில் பழைய பெயர்கள் இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கும் என்பதால் இங்கும் அவற்றையே பயன்படுத்துகிறேன். அடிப்படை விதி இதுதான்: பதிவு பெற்ற அமைப்பு தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டைத் தன் நோக்கங்களுக்காகச் செலவிட வேண்டும், 15 விழுக்காட்டை நிபந்தனையின்றிச் சேமிக்கலாம். செலவிட முடியாமல் போனால், குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து ஆண்டுகள் வரை ஒதுக்கி வைக்கப் படிவம் 10 மூலம் தெரிவிக்க வழி உண்டு. அந்தப் படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்ய மறப்பதுதான் நடைமுறையில் பெரிய இழப்பைத் தருகிறது.

இங்கே சிறு சங்கங்கள் கவனிக்கத் தவறும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பின், 85 விழுக்காட்டுக் கணக்கில் உண்மையில் கொடுத்து முடித்த தொகை மட்டுமே செலவாக ஏற்கப்படுகிறது. மார்ச் மாதத்து 62,000 ரூபாய் பாக்கி, வருவாய் மற்றும் செலவினக் கணக்கில் அந்த ஆண்டின் செலவு. வரிக் கணக்கில் அது கொடுக்கப்படும் ஆண்டின் செலவு. பிப்ரவரி கடைசியில் பெருந்தொகை வந்து சேரும் அமைப்புக்கு இந்த இரண்டு கணக்குகளும் வெகுதூரம் விலகிப்போகக்கூடும். அந்தத் தொகையை வரிக்கணக்கில் எப்படிக் காட்டுவது என்பது நிதி ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே தணிக்கையாளரிடம் காட்டிவிடுவது நல்லது. செப்டம்பரில் தணிக்கைக்குக் கட்டுக்கட்டாகப் பில்களைக் கொண்டுபோய்க் கொட்டும் வழக்கம் நம்மிடம் அதிகம். அப்போது தணிக்கையாளரால் நடந்ததை எழுத முடியும், நடந்ததை மாற்ற முடியாது.

ஓசூர்ப் பக்கம் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் இருப்பதால், சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) என்பது இந்த இரண்டு மாவட்டங்களின் சங்கங்களுக்குக் கேள்விப்பட்ட சொல்லாகிவிட்டது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டை இதற்குச் செலவிட வேண்டும். நிதியைப் பெற விரும்பும் சங்கம் 2021 முதல் சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கொடுத்தவுடன் நிறுவனத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. கொடுத்த பணம் உரிய முறையில் பயன்பட்டது என்பதற்கு அதன் நிதி அதிகாரி சான்றளிக்க வேண்டும். மார்ச் மாதம் வந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டுத் தொலைபேசி அழைப்புகள் வருவதன் காரணம் இதுதான். அந்த அழைப்பை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளும் மூத்த நிர்வாகிகளை அறிவேன். மறுமுனையில் இருப்பவருக்கும் கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்று புரிந்துகொண்டால் கோபம் குறையும்.

நிர்வாகச் செலவு என்ற தலைப்பில்தான் சங்கங்கள் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்கின்றன. சமூகப் பொறுப்பு விதிகளில் வரும் 5 விழுக்காடு என்ற உச்சவரம்பு நிறுவனம் தன் அலுவலகத்தில் செய்யும் நிர்வாகச் செலவுக்கு உரியது. திட்டத்தை நடத்தும் சங்கத்தின் மேற்பார்வைக்கும் கணக்கெழுதலுக்கும் ஆகும் செலவை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் 5 விழுக்காட்டுக்கு மேல் கேட்டால் திட்டம் கிடைக்காது என்று அஞ்சி, வாடகையையும் கணக்காளர் ஊதியத்தையும் விட்டுவிட்டு மதிப்பீடு தயாரிப்பவர்கள் ஏராளம். கழிப்பறை வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் வாரம் இரண்டு நாள் பள்ளிக்குப் போகிறார் என்றால், அவருடைய மாத மதிப்பூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் திட்டத்தின் செலவு. ஆறு நாள் வேலையில் இரண்டு நாள் என்று எளிய வருகைக் குறிப்பு ஒன்று இருந்தால் அதை எந்தத் தணிக்கையாளரும் ஏற்பார். அந்தப் பங்கைத் திட்டத்தில் எழுதாமல் விட்டால், அது உறுப்பினர் சந்தாவிலிருந்துதான் போகும். கூலி வேலை செய்பவர் கொடுத்த நூறு ரூபாய், பெரிய தொழிற்சாலையின் திட்டத்துக்கு மானியமாகிவிடும். பொதுச் செலவுகளை எந்த விகிதத்தில் பங்கிடுகிறோம் என்பதைச் செயற்குழு ஆண்டின் தொடக்கத்திலேயே தீர்மானமாக எழுதிவிட வேண்டும், ஏனெனில் ஆண்டின் முடிவில் எழுதினால் அது எங்கே பணம் மிஞ்சியதோ அங்கே பாரத்தை ஏற்றுவதாகவே முடியும்.

வரவு செலவுத் திட்டம் என்பதைப் பல சங்கங்கள் சென்ற ஆண்டின் தொகைகளோடு பத்து விழுக்காடு கூட்டி, ஒரே தாளில், ஆண்டு முழுமைக்கும் எழுதிவிடுகின்றன. இந்தப் பகுதிக்கு அது பொருந்தாது. இங்கே பணம் பருவத்தோடு வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில் புளி உலுக்கி விற்கிறார்கள். மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழ வேலை. பாலக்கோடு, இராயக்கோட்டைச் சந்தைகளில் தக்காளி விலை ஏறினால் ஊரில் கையில் பணம் புழங்கும், விழுந்தால் பறித்த கூலிக்கும் கட்டுப்படியாகாமல் சாலையோரம் கொட்டுவார்கள். அந்த மாதத்தில் சந்தா கேட்டு யார் வீட்டு வாசலிலும் நிற்க முடியாது. பெங்களூரில் கட்டட வேலைக்கும் நிறுவன வேலைக்கும் போனவர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வரும்போதுதான் நன்கொடை கேட்பது நடக்கும். செலவோ ஜூனில் குவிகிறது: பள்ளி திறக்கும், நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும், மழைக்கு முன் மையத்தின் கூரையைச் சரிசெய்ய வேண்டும். ஆண்டுக் கூட்டுத்தொகையில் வரவும் செலவும் சமமாக நிற்கும் ஒரு திட்டம், ஜூன் மாதத்தில் மட்டும் அறுபதாயிரம் பற்றாக்குறையில் விழுந்துகிடக்கலாம். ஆகவே திட்டம் மாதவாரியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாத முடிவிலும் பொது நிதியில் எவ்வளவு இருக்கும் என்ற வரி கடைசியில் இருக்க வேண்டும். அந்த வரியில் எந்த மாதம் குறையாகிறது என்று ஜனவரியிலேயே தெரிந்துவிட்டால், திருத்த ஐந்து மாத அவகாசம் கிடைக்கும்.

வரவை எழுதும்போது மூன்று பத்திகளாகப் பிரிப்பது எனக்குப் பிடித்த முறை. கையெழுத்தான ஒப்பந்தமும் வந்துகொண்டிருக்கும் சந்தாவும் உறுதி. சென்ற ஆண்டு கொடுத்தவர் இந்த ஆண்டும் கொடுக்கக்கூடும் என்பது வாய்ப்பு. விண்ணப்பம் போட்டிருக்கிறோம், பார்ப்போம் என்பது நம்பிக்கை. சம்பளமும் வாடகையும் உறுதிப் பத்திக்குள் அடங்க வேண்டும். வாய்ப்புப் பத்தியை நம்பி ஒரு பயிற்சி முகாம் நடத்தலாம், ஏனென்றால் பணம் வராவிட்டால் முகாமைத் தள்ளிவைக்க முடியும். நம்பிக்கைப் பத்தியை நம்பி எதையும் தொடங்கக் கூடாது. 80ஜி சலுகையைக் காட்டி நன்கொடை திரட்டுபவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 2023-24 நிதியாண்டிலிருந்து தனிநபருக்குப் புதிய வரிமுறையே இயல்பான முறையாகிவிட்டது, அதில் 80ஜி கழிவு கிடையாது. ஊரை விட்டுப் போய்ப் பெங்களூரில் மாதச் சம்பளம் வாங்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்தச் சான்றிதழ் இப்போது வரியைக் குறைப்பதில்லை. அவர்கள் கொடுப்பது ஊர்ப்பாசத்தில்தான். சலுகையைப் பயன்படுத்துவோருக்கு மட்டும், ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் கழிவு கிடைக்காது என்பதைச் சொல்லிவிட்டு, மே 31க்குள் நன்கொடையாளர் விவரங்களோடு படிவம் 10பிடி தாக்கல் செய்து சான்றிதழ் வழங்க வேண்டும். திருவிழாவில் உண்டியல் வைத்துத் திரட்டுவதும் வழக்கம். கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை, ஒரு இலட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 விழுக்காடு வரி உண்டு. சிறு சங்கங்கள் அந்த எல்லையைத் தொடுவது அரிது என்றாலும், ரசீதில் பெயரோடு முகவரியையும் எழுதும் பழக்கம் இருக்கட்டும்.

சான்றுச் சீட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது நகரத்துத் தணிக்கையாளருக்கும் மலைக்கிராமத்துப் பணியாளருக்கும் இடையே ஒரு தகராறு எப்போதும் உண்டு. சித்தேரி மலைக்கோ அஞ்செட்டிப் பக்கமோ பொருள் ஏற்றிப் போன ஜீப்புக்குப் பில் கிடையாது. கூலிக்குக் கல் சுமந்தவர் ஜிஎஸ்டி எண் வைத்திருக்கப் போவதில்லை. இதற்காகப் பாலக்கோட்டில் ஏதோ ஒரு கடையில் வெற்றுப் பில் வாங்கி நிரப்புவதுதான் மிக மோசமான வழி. உண்மையான செலவை அது பொய்யான சான்றோடு கட்டிவிடுகிறது. சங்கத்தின் சொந்த வவுச்சரில் தேதி, வேலை, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், வண்டி எண், பெற்றவரின் பெயர், கைபேசி எண், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, உடனிருந்த ஒருவரின் கையெழுத்து ஆகியவை இருந்தால் அது நேர்மையான சான்று. தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக் கணக்கில் அந்தச் செலவு ஏற்கப்படாது என்பதால், கொத்தனாருக்கும் சிமெண்ட் கடைக்கும் வங்கிவழிதான் கொடுக்க வேண்டும். சில்லறைச் செலவுக்கு 5,000 ரூபாய் என்று நிலையான தொகையை ஒருவரிடம் கொடுத்து, செலவான அளவுக்கு வவுச்சர் காட்டியபின் மீண்டும் நிரப்புவது போதும். எந்த நாளில் போய்ப் பெட்டியைத் திறந்தாலும் வவுச்சரும் காசும் சேர்ந்து 5,000 ஆக வேண்டும்.

அண்மையில் வந்த தலைவலி வேறு. நன்கொடைக்காகப் பொருளாளரின் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்து ஜிபேயில் அனுப்பச் சொல்கிறார்கள். பணம் அவருடைய சொந்தக் கணக்கில் விழுகிறது, அவர் ஒன்றிரண்டு நாளில் சங்கக் கணக்குக்கு மாற்றுகிறார், அல்லது அதிலிருந்தே பால்காரருக்கும் கொடுத்துவிட்டு மீதியை மாற்றுகிறார். அவர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், அந்த நன்கொடை அவருடைய வருமானமா சங்கத்தின் வருமானமா என்ற கேள்வியை எழுப்பிவிட்டார். சங்கத்தின் கணக்கோடு இணைந்த கியூஆர் அட்டையை வங்கியிலேயே கேட்டு வாங்கலாம். அது வரும்வரை ஜிபேயை நிறுத்திவைப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கணக்கு எழுதும் பழக்கத்துக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு என்பதை நம் சங்கங்கள் மறந்துவிடுகின்றன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மகளிர் சுய உதவிக் குழுக்களை 1989இல் தொடங்கிய இடம் அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டம். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத பெண்கள் தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, ஒவ்வொருவருக்கும் ஒரு பாஸ்புத்தகம் என்று வைத்து நடத்தினார்கள். குழுக் கூட்டத்தில் பணத்தை நடுவில் வைத்து எல்லார் கண்ணெதிரிலும் எண்ணுவார்கள். எழுதத் தெரிந்தவர் எழுதியதை உரக்கப் படிப்பார். எழுத்தறியாதவர் மனக்கணக்கில் சரிபார்ப்பார். சென்ற வாரம் என் பேரில் இருநூறு என்றாயே, இப்போது நூற்றைம்பது எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டால், அந்த இடத்திலேயே பேரேடு திருத்தப்படும். கணினியில் கணக்கு வைத்து ஆண்டுக்கொரு முறை அச்சிட்டுத் தரும் பெரிய சங்கங்களுக்கு இந்த உடனடிச் சரிபார்ப்பு கிடைப்பதில்லை. பொதுக்குழுவில் பொருளாளர் மொத்தத் தொகைகளை விரைவாக வாசிக்க, கைதட்டி ஏற்றுக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து ஊர்களில் உறுப்பினர்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். ஆங்கிலத்தில் அச்சான இருப்புநிலைக் குறிப்பு அவர்களுக்கு மூன்று மொழி தள்ளி நிற்கிறது. ஒவ்வொரு நிதியிலும் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எவ்வளவு நிற்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அவர்கள் மொழியில் உரக்கப் படித்தால், கேள்விகள் வரும். வர வேண்டும்.

திட்டத்தையும் நடப்பையும் ஒப்பிடுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. மையங்களில் சுண்டலுக்கும் கேழ்வரகு உருண்டைக்கும் மாதம் 8,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார்கள், ஜூலையில் 11,000 ஆகிவிட்டது என்றால் உடனே பொறுப்பாளரைக் கேள்வி கேட்கத் தோன்றும். ஒதுக்கீடு 40 பிள்ளைகளுக்கு. ஜூலையில் வந்தவர்கள் 55 பேர். தலைக்கு 200 ரூபாய் என்பது மாறவே இல்லை. விலை கூடியதா, ஆள் கூடியதா, வீணானதா என்று மூன்றையும் பிரித்துப் பார்க்காத ஒப்பீடு, நன்றாக வேலை செய்தவரையே தண்டிக்கும். அதே நேரம் 55 பேர் தொடர்ந்து வருவார்கள் என்றால், ஆண்டின் மீதி எட்டு மாதத்துக்கும் கூடுதலாகத் தேவைப்படும் 24,000 ரூபாய் எங்கிருந்து வரும் என்று ஆகஸ்ட் கூட்டத்திலேயே திருத்திய திட்டம் எழுதியாக வேண்டும். காலாண்டுக்கு ஒரு முறை இந்த ஒப்பீடு போதும். மாதம்தோறும் தவறாமல் செய்ய வேண்டியது, ரொக்கப் புத்தகத்தை வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் ஒன்றுதான். அதைக் காசோலையில் கையெழுத்திடாத ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இனி அந்த ஏப்ரல் செயற்குழுவுக்குத் திரும்பலாம். மார்ச் பாக்கியைக் கொடுத்துவிட்டால் பொது நிதியில் 40,000 ரூபாய்தான். ஏப்ரல் மதிப்பூதியத்துக்குப் பற்றாது. கழிப்பறையின் மீதி வேலை பள்ளி விடுமுறையான மே மாதத்தில்தான் தொடரப் போகிறது. அதுவரை அந்தப் பணத்திலிருந்து 25,000 ரூபாய் எடுத்து நடத்திவிட்டுத் திருப்பி வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்கிறார். நிதி ஒப்பந்தம் அதைத் தடுத்தால் பேச்சுக்கே இடமில்லை. ஒப்பந்தம் எதுவும் சொல்லவில்லை என்றால், நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். அதன்பிறகும் தீர்மானப் புத்தகத்தில் எவ்வளவு எடுக்கிறோம், எந்த நாளுக்குள் திருப்பி வைப்போம், எந்த வரவிலிருந்து வைப்போம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பேரேட்டில் அது ஒரு நிதி இன்னொரு நிதிக்குக் கொடுத்த கடனாகப் பதிவாக வேண்டும். நம் சங்கத்தின் திட்டத்தில் மே மாதத்துக்கு எழுதியிருக்கும் ஒரே பெரிய வரவு, பெங்களூரிலிருந்து ஒருவர் தருவதாகச் சொன்ன 30,000 ரூபாய். அது நம்பிக்கைப் பத்தியில் இருக்கிறது. ஆகவே பொருளாளர் அந்த யோசனையைத் தீர்மானமாக எழுத மறுத்து, உறுப்பினர் சந்தா பாக்கிப் பட்டியலை எடுத்து, ஊர்வாரியாகப் படிக்கத் தொடங்குகிறார்.